நுரைக்காத தண்ணீர்

அந்த மாதம் திரௌபதி வீட்டுச் சமையலறையில் சமையலுக்கென்று எதுவும் மிஞ்சவில்லை. மஞ்சள் தூளைக் குழைத்துக் காகிதத்தில் பூசிக் காயவைத்து, சோப்புத் தண்ணீரில் தொட்டுச் சிவப்பாக்கியாயிற்று. செம்பருத்திப் பூவைக் கொதிக்கவைத்த சாற்றில் ஒரு பக்கம் எலுமிச்சை, ஒரு பக்கம் ஆப்பசோடா என்று விட்டு, இரண்டு டம்ளர்கள் இரண்டு நிறத்தில் ஜன்னல் மேட்டில் நின்றன. வினிகரில் ஊறிய முட்டை ஓடெல்லாம் கரைந்து, வெறும் தோலோடு கிண்ணத்தில் உருண்டுகொண்டிருந்தது. ஆம்லெட்டுக்கு ஆகுமா என்று கேட்டால், "அதத் தொடாதம்மா, அது எக்ஸ்பெரிமெண்டு" என்பாள் கனிஷ்கா.

கனிஷ்கா ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் அறிவியல் கண்காட்சி வருகிறது. வீட்டில் இருக்கிற பொருளை வைத்துத்தான் செய்ய வேண்டும், கடையில் எதுவும் வாங்கக் கூடாது என்று சயின்ஸ் டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நல்ல மனசுதான். ஆனால் வீட்டில் இருக்கிற பொருளும் என்றைக்கோ கடையில் வாங்கியதுதான் என்பது டீச்சர்களுக்கு எப்படியோ மறந்துபோகிறது. அப்பா வெற்றிவேல் லாரி ஓட்டுகிறவன், பத்து நாளைக்கு ஒரு தரம் வீட்டுக்கு வருவான். வந்தவன் முட்டையை விரலால் அமுக்கிப் பார்த்து, "சூப்பரு பாப்பா" என்று சொல்லிவிட்டு மறுபடி லாரி ஏறிவிட்டான். பாத்திரம் கழுவுகிறவளுக்குத்தானே பாடு தெரியும்.

கடைசியில் கனிஷ்கா பிடித்துக்கொண்டது தண்ணீரை. ஊரில் கிடைக்கிற தண்ணீரையெல்லாம் ஒரே அளவு பாட்டில்களில் பிடித்து, மஞ்சள் பார் சோப்பைச் சீவிக் கரைத்த தண்ணீரை எல்லாவற்றிலும் ஒரே அளவு விட்டு, இருபது தரம் குலுக்கி, எதில் எத்தனை விரல் உயரம் நுரை வருகிறது என்று பார்ப்பது. செலவில்லாத காரியம் என்பதால் திரௌபதி மனதாரச் சம்மதித்தாள். குழாய்த் தண்ணீர் வீட்டிலேயே இருந்தது. கேன் தண்ணீர் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கியது. தெருமுனை அடிபம்பில் ஒன்று, மணிமுத்தாற்றில் ஒன்று, மழை பெய்தபோது வாளியில் பிடித்து வைத்தது ஒன்று.

"அம்மா, ஒங்க கம்பெனி தண்ணியும் ஒரு பாட்டில் கொண்டாம்மா."

"கொண்டாறன். எங்க கம்பெனி தண்ணிக்குத்தான் மொதப் பரிசு, நீ வேணா பாரு."

கம்பெனி என்பது செராமிக் எஸ்டேட்டில் சாமிதுரை முதலாளியின் பொம்மைப் பட்டறை. திரௌபதி அங்கே பதினோரு வருடமாக அச்சு ஊற்றுகிறாள். களிமண்ணைக் கூழாகக் கரைத்து பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்ற வேண்டும். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச ஓரத்தில் களிமண் ஆடைபோல் கெட்டிப்படும். பிறகு மிச்சக் கூழைக் கவிழ்த்து வடித்துவிட்டு அச்சைப் பிரித்தால் உள்ளே பொம்மை நிற்கும். கூழ் சரியாக அமைந்தால் வேலை தானாக ஓடும். அது சரியில்லையென்றால் தலைகீழாக நின்றாலும் பிள்ளையாருக்குத் தும்பிக்கை வராது. அந்தக் கூழைக் கலக்குவது இருபத்தாறு வருடமாகக் கொளஞ்சிநாதனின் வேலையாக இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு மாதத்துக்கு முன்னால் முதலாளி அவரை நிறுத்திவிட்டார்.

கொளஞ்சி அண்ணன் திரௌபதிக்குச் சொந்தக்காரர் இல்லை. ஆனால் சொந்தக்காரர்கள் செய்யாததை அவர் செய்தார். அவளை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே அவர்தான். எட்டு வருடத்துக்கு முன்னால் அவளுக்குச் சிக்குன்குனியா வந்து, விரல் மடங்காமல், சோற்றைக்கூட உருட்ட முடியாமல் பத்தொன்பது நாள் வீட்டில் கிடந்தாள். அந்தப் பத்தொன்பது நாளும் அவர் விடியற்காலையிலேயே வந்து அவளுடைய நாற்பது அச்சையும் ஊற்றிவிட்டுத்தான் தன் வேலையைத் தொட்டாராம். அச்சு காலியாகக் கிடந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவள் திரும்பி வந்தபோது அவளுடைய இடம் அவளுக்காக அப்படியே இருந்தது. அவர் அதைப் பற்றி அன்றைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை, பிறகும் பேசவில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் அவளுக்கே தெரிய வந்தது.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு எதைச் செய்து ஈடுகட்டுவது? திரௌபதி ஒரு வழி கண்டுபிடித்தாள். கூழ் கலக்குவதற்கு ஒரு பெரிய டிரம் நிறையத் தண்ணீர் வேண்டும். முற்றத்தின் அந்தக் கோடியில் போர்வெல் தண்ணீர் நிறைகிற தொட்டியிலிருந்து குடம் குடமாகத் தூக்கி வர வேண்டும். கொளஞ்சிநாதனுக்கு இடுப்பு வலி. அதனால் தினமும் அவருக்கு முன்னால் வந்து அந்த டிரம்மை ரொப்பி வைத்துவிடுவாள். அவர் வந்து டிரம்மைப் பார்த்து, டிரம்மிடமே சொல்வதுபோல், "யாரோ புண்ணியவாளி ரொப்பி வச்சிருக்குது" என்பார். அவள் காதில் விழாததுபோல் அச்சைத் துடைத்துக்கொண்டிருப்பாள். எட்டு வருடமாக அவர்களுக்குள் நடந்த நன்றி விசாரிப்பு அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் அது போதுமானதாக இருந்தது.

ஆவணியில் எல்லாம் கெட்டது. கொலு பொம்மைக்கு ஆர்டர் குவிந்திருந்த நேரத்தில் கூழ் சொன்னபடி கேட்காமல் போயிற்று. காலையில் சரியாகக் கலந்த கூழ் கொஞ்ச நேரத்தில் கட்டி தட்டியது. அச்சில் ஊற்றினால் வடியவில்லை. வடிந்தாலும் பொம்மைக்குள் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டது. காயும்போது கழுத்தில் வெடித்தது, தப்பித்தது சூளையில் வெடித்தது. கூழ் இளகி ஓடுவதற்குச் சிலிகேட் என்று ஒரு பிசின் மாதிரி திரவத்தை அளந்து விடுவார்கள். அளவோடு விட்டால் இளகும், அளவு மீறினால் அதுவே கெட்டியாக்கும். கொளஞ்சிநாதன் செய்வது தெரியாமல் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சிலிகேட்டை விட்டுப் பார்த்தார். கரண்டியும் கையுமாக முதலாளியிடம் மாட்டிக்கொண்டார்.

நாற்பது பேர் முன்னால் சாமிதுரை சத்தம் போட்டார். "வயசாயிடுச்சின்னா சொல்லிட்டு நில்லுய்யா. ஒன்னால மூணு சூளை பொம்மை போச்சி." கொளஞ்சிநாதன் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் நந்தகுமார் என்ற பையன் வந்தான். செராமிக் டிப்ளமோ படித்தவன், இருபத்து மூன்று வயது. அவன் கலக்கிய முதல் நாளே கூழ் பாலாக ஓடியது. அப்புறம் யார் வாயை அடைப்பது? கொளஞ்சிக்குக் கை போய்விட்டது என்று பட்டறை முழுக்கப் பேசினார்கள். பேசியவர்களோடு சேர்ந்து திரௌபதியும் ஒருநாள் தலையாட்டினாள். ஆட்டிய பிறகு கழுத்து வலித்த மாதிரி இருந்தது. ஆனால் கண்ணால் பார்த்ததை எப்படி இல்லை என்பது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

மகள் கேட்ட தண்ணீரை ஒரு வெள்ளிக்கிழமை சாயந்திரம் பிடித்தாள். போர் தண்ணீரில் ஒரு பாட்டில். அதோடு விட்டிருக்கலாம். முதல் பரிசு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாளே, அதனால் பின்பக்கக் கொட்டகைக்கும் போனாள். அங்கே அச்சு செய்கிறவர்கள் பிளாஸ்டர் கரைத்த பாத்திரங்களையும் கையையும் ஒரு சிமெண்டுத் தொட்டியில் கழுவுவார்கள். பிளாஸ்டர் அடியில் தங்கி இறுகிவிடும். மேலே நிற்கிற தண்ணீர் அப்படி ஒரு தெளிவு, ஊசி போட்டால் கண்டெடுக்கலாம். போர் தண்ணீராவது லேசாக மங்கல் அடிக்கும், இது கண்ணாடி.

அந்தத் தொட்டித் தண்ணீர் மேல் அவளுக்குத் தனிப் பிரியம் இருந்தது. ஆவணியில் போர் மோட்டார் புகைந்து போய், டேங்கர் தண்ணீருக்கு எல்லோரும் காத்துக் கிடந்தபோது அதுதான் அவளுக்குக் கைகொடுத்தது. இத்தனை தெளிவான தண்ணீரைச் சாக்கடையில் திறந்துவிடுகிறார்களே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. அடி கலங்காமல் மேலாக மொண்டு மொண்டு கொளஞ்சி அண்ணனின் டிரம்மைப் பாதிக்கு மேல் ரொப்பினாள். மீதிக்கு டேங்கர் தண்ணீர். மோட்டார் சரியான பிறகும் தண்ணீர் சரிவர ஏறவில்லை என்று அதையே தொடர்ந்தாள். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது, தண்ணீர்தானே.

சனிக்கிழமை காலையில் இட்லிப் பானையை இறக்கியதும் கனிஷ்கா கடை விரித்தாள். சுவரோரமாக ஏழு பாட்டில், ஒவ்வொன்றிலும் பேர் எழுதி ஒட்டிய சீட்டு. அளந்து அளந்து சோப்புத் தண்ணீரை விட்டாள். குலுக்குகிற வேலையில் பாதியை அம்மாவிடம் தள்ளினாள். மழைத் தண்ணீர் பொங்கி மூடி வரைக்கும் நுரைத்தது. கேன் தண்ணீர் ஐந்து விரல், ஆற்றுத் தண்ணீர் மூன்று, குழாய் இரண்டரை, அடிபம்பு ஒன்றரை. கம்பெனி போர் தண்ணீர் இரண்டு. கடைசியாகத் தொட்டித் தண்ணீர். திரௌபதியே குலுக்கினாள். இருபது தரம் குலுக்கியும் ஒரு குமிழ் நிற்கவில்லை. கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர் பால் திரிந்ததுபோல் ஆகி, வெள்ளை வெள்ளையாய்த் திப்பி மிதந்தது.

"இதாம்மா பெஸ்ட்டு," என்றாள் கனிஷ்கா சந்தோஷமாக. கண்காட்சிக்கு மோசமானதுதான் விசேஷம்.

திரௌபதிக்கு ரோஷம் வந்தது. "சோப்பு கம்மியா வுட்டிருப்ப. இன்னொரு தரம் ஊத்து."

இன்னொரு தரம் ஊற்றினார்கள். இரண்டு மடங்கு ஊற்றினார்கள். திப்பிதான் கூடியது.

"என்னாடி இது, பருப்பு வேவாத தண்ணி மாதிரி இருக்குது."

"அதான்மா கடின நீர். இதுல என்னா கலந்திருக்குது?"

"ஒண்ணும் கலக்கல. பிளாஸ்டர் பாத்தரம் கழுவுன தண்ணி. பிளாஸ்டர்தான் அடியில தங்கிடுச்சே."

கனிஷ்கா புத்தகத்தைப் புரட்டினாள். "பிளாஸ்டர்ன்னா கால்சியம் சல்பேட்டும்மா. முழுசா தங்காது. கொஞ்சம் தண்ணியில கரைஞ்சிடும். உப்பு போட்ட தண்ணி பாக்கறதுக்கு நல்ல தண்ணி மாதிரிதான இருக்குது, அது மாதிரி. கண்ணுக்குத் தெரியாது."

கண்ணுக்குத் தெரியாது என்றதும் திரௌபதி கையிலிருந்த பாட்டிலை மெதுவாகக் கீழே வைத்தாள். உள்ளே ஏதோ ஒன்று இடறிற்று. அது என்னவென்று முழுசாகப் புரிவதற்கு முன்னாலேயே எழுந்து அலமாரியைத் திறந்தாள். கனிஷ்கா பொம்மை செய்து பார்க்கட்டும் என்று அவள் பட்டறையிலிருந்து கொண்டுவந்த கூழ் ஒரு பாட்டில் இருந்தது. நந்தகுமார் கலக்கிய நல்ல கூழ். அதைக் குலுக்கி இரண்டு டம்ளரில் பாதிப் பாதி ஊற்றினாள். ஒன்றில் குழாய்த் தண்ணீர் நாலு கரண்டி, இன்னொன்றில் தொட்டித் தண்ணீர் நாலு கரண்டி. இரண்டையும் தனித்தனி ஸ்பூனால் கலக்கினாள்.

குழாய்த் தண்ணீர் விட்டது இன்னும் இளகி, ஸ்பூனிலிருந்து நூலாக இறங்கியது. தொட்டித் தண்ணீர் விட்டது கலக்கக் கலக்கக் கனத்தது. கொஞ்ச நேரம் விட்டு டம்ளரைச் சாய்த்தாள். வரவில்லை. கவிழ்த்தே பிடித்தாள். உறைந்த தயிர் மாதிரி டம்ளருக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நின்றது. அந்தக் கட்டியை அவளுக்குத் தெரியும். ஆவணி மாதம் முழுக்கப் பிள்ளையாரின் வயிற்றிலிருந்து சுரண்டி எடுத்தது அதைத்தான்.

திரௌபதி தரையில் உட்கார்ந்துவிட்டாள். தொட்டித் தண்ணீரை ஊற்றியது அவள், பழி விழுந்தது கொளஞ்சி அண்ணன் தலையில். நந்தகுமாருக்கு அவள் டிரம்மை ரொப்பவில்லை. இளவட்டம், அவனே தூக்கட்டும் என்று விட்டுவிட்டாள். அவன் நேராகப் போர் தண்ணீரைப் பிடித்துக் கலக்கினான், அவனுக்குப் பேர் வந்தது. ஊற்றியும் அவரைக் கெடுத்தாள், ஊற்றாமல் விட்டும் அவரைக் கெடுத்தாள். எல்லாம் நன்றிக் கடன் என்று நினைத்துச் செய்த காரியம். இதற்கு அவள் சும்மா இருந்திருக்கலாம்.

"ஏம்மா அழுவுற?" என்றாள் கனிஷ்கா.

மகளிடம் மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை. நடந்ததைச் சொன்னாள். கனிஷ்கா யோசித்து, "மாமாவுக்கு வேல போனது நம்மளாலயாம்மா?" என்று கேட்டாள். நம்மால் என்று அந்தக் குழந்தை தன்னையும் சேர்த்துக்கொண்டது திரௌபதியை இன்னும் குத்தியது.

ஒரு நிமிஷம் அவளுக்கும் தோன்றத்தான் செய்தது. சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் முடிந்தது. சொன்னால் வேலை போகும். மூன்று சூளை பொம்மை வெடித்ததற்கு முதலாளி கையெடுத்துக் கும்பிடவா போகிறார். இதெல்லாம் தெரியாத பைத்தியக்காரி இல்லை அவள். ஆனால் பத்தொன்பது நாள் நாற்பது அச்சை ஊற்றிய மனுஷனின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அவர் இப்போது வேப்பூரில் ரோட்டோர ஓட்டலில் மேசை துடைக்கிறார் என்று அவர் மனைவி கண்ணம்மாள் போன வாரம் சந்தையில் சொல்லியிருந்தாள்.

"பாப்பா, அந்தப் பாட்டிலயெல்லாம் பையில எடுத்து வையி. ஸ்கூலுக்கு முன்னாடி வேற எடத்துல காட்டிட்டு வந்துடலாம்."

சாமிதுரை ஆபீஸ் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தார். சத்தம் போட்டே பழகிய மனுஷன். நல்ல சேதியையும் சண்டை மாதிரிதான் சொல்வார். அன்றைக்கு லீவு சொல்லியிருந்த திரௌபதி மகளையும் பையையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்ததும், "என்னா, கலெக்டர் மாதிரி வர்ற?" என்றார். அவள் மேசை மேல் இரண்டு டம்ளரை வைத்தாள். நந்தகுமாரையும் கூப்பிட்டு, அவன் கலக்கிய கூழையே கொண்டுவரச் சொன்னாள். கனிஷ்காவே அளந்து ஊற்றினாள். கலக்கினாள். டம்ளரைக் கவிழ்த்துக் காட்டினாள்.

நந்தகுமார் குனிந்து பார்த்துவிட்டு, "பிளாஸ்டர் தண்ணி சேந்தா கூழ் திரியும்னு படிச்சிருக்கன் சார். கண்ணால இப்பத்தான் பாக்கறன்" என்றான்.

"இத எவன் கொண்டுபோயி டிரம்முல ஊத்துனான்?" என்றார் சாமிதுரை.

"நான்தான் மொதலாளி," என்றாள் திரௌபதி. "மோட்டாரு கெட்ட நாள்லேந்து நான்தான் ஊத்துனன். தெளிவா இருக்குதேன்னு ஊத்துனன். கொளஞ்சி அண்ணனுக்குத் தெரியாது. அவரு மேல ஒரு தப்பும் இல்லிங்க. என்ன நிறுத்துறதுன்னா நிறுத்திடுங்க. அவர மட்டும் கூப்ட்டுக்குங்க."

சாமிதுரை சத்தம் போடுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் டீ கிளாஸை நகர்த்தி வைத்துவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருக்கே பழக்கமில்லாத மெதுவான குரலில் பேசினார்.

"அன்னிக்கே எனக்கு லேசா சந்தேகம்தான். தண்ணி யாருய்யா ரொப்புறான்னு அவன்கிட்ட கேட்டன். 'நான்தான் ரொப்புறன், வேற யாரும் தொடறதில்ல'ன்னான். கொளஞ்சியப்பர் சாமி மேல சத்தியமா கேட்டன். அதுக்கும் அதையேதான் சொன்னான்."

எட்டு வருடம் அவள் ரொப்பிய டிரம். யார் ரொப்புகிறார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தண்ணீரில்தான் கோளாறு என்று தெரியாமலே, விசாரணையில் அவள் பேர் வரக் கூடாது என்பதற்காக மட்டும், சாமி மேல் பொய்ச் சத்தியம் செய்திருக்கிறார். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நானும்தான் ஆராயாம பேசிட்டன்," என்றார் சாமிதுரை. பிறகு பழைய குரல் திரும்பியது. "போன் போட்டா எடுக்க மாட்டான், ரோஷக்காரன். நீயே போயி கூட்டிக்கிட்டு வா. அவன் இல்லாம திங்கக்கெழம இந்தப் பக்கம் வந்துடாத."

வேப்பூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கனிஷ்கா பையை மடியில் வைத்துக்கொண்டாள். திரௌபதி வழியெல்லாம் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று கோத்துக் கோத்துப் பார்த்தாள். எப்படி ஆரம்பித்தாலும் கடைசியில் காலில் விழுவதில்தான் முடிந்தது. அவர் திட்டட்டும், எத்தனை வேண்டுமானாலும் திட்டட்டும் என்று நினைத்துக்கொண்டாள். திட்டு வாங்கினால்தான் தனக்கு ஆறும் என்று தோன்றியது.

சாப்பாட்டு நேரம் முடிந்திருந்ததால் ஓட்டலில் இரண்டு லாரிக்காரர்கள்தான் இருந்தார்கள். கொளஞ்சிநாதன் மேசை துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தார். இவர்களைப் பார்த்ததும் துணியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "அடடே, வாங்க வாங்க. பாப்பா, சாப்ட்டியா?" என்றார். துணியை மறைத்த அந்தக் கையைத் திரௌபதியால் பார்க்க முடியவில்லை.

கல்லாவில் இருந்த ஓட்டல்காரர், "ஒங்க ஊருக்காரங்களா? நீங்களாவது சொல்லுங்கம்மா. மாவு கரைக்கற ஆளு நின்னுட்டான். இவர செய்யச் சொன்னா மாட்டேங்கறாரு. மேச தொடைக்கிறத விட அதுக்கு சம்பளம்கூட அதிகம்" என்றார்.

"அது எனக்கு வராதுங்க," என்றார் கொளஞ்சிநாதன் தரையைப் பார்த்தபடி. "என் கைக்கு இப்ப பக்குவம் தெரியறதில்ல. கெட்டுப்போயிடும்."

இருபத்தாறு வருடம் கூழ் கலக்கிய ஆள், தோசை மாவைத் தொடப் பயப்படுகிறார். திரௌபதி கோத்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் சிதறிப்போயிற்று.

"அண்ணே, ஒங்க கைக்கு ஒண்ணும் ஆவல. தண்ணியக் கெடுத்தது நான்," என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. கனிஷ்கா பையைத் திறந்து, மிச்சம் இருந்த தொட்டித் தண்ணீரையும் கூழையும் எடுத்து, ஓட்டல் டம்ளரில் ஊற்றி அவர் கண் முன்னால் கலக்கிக் கவிழ்த்துக் காட்டினாள். அவர் டம்ளரை வாங்கி விரலை விட்டுப் பார்த்தார். "இது எங்க எடுத்த தண்ணி?" என்றார். திரௌபதி சொன்னாள். மோட்டார் கெட்டது, தொட்டியில் மொண்டது, எத்தனை குடம், எத்தனை நாள், நந்தகுமாருக்கு ரொப்பாமல் விட்டது, முதலாளி சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள்.

"இன்னொரு தரம் செய்யி பாப்பா," என்றார் அவர்.

கனிஷ்கா மறுபடி செய்தாள். அவர் இந்தத் தரம் தானே கலக்கினார். கனப்பதை ஸ்பூனில் உணர்ந்ததும் அவர் கை நின்றது.

"அப்ப நான் சிலிகேட்ட சரியாத்தான் வுட்டிருக்கன்."

"சரியாத்தாண்ணே வுட்டீங்க."

"மொத நாளு வுட்ட அளவு சரிதான்." அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். "நான் கை போயிடுச்சின்னுல்ல நெனச்சன். சோறு பெசையறப்ப கையப் பாத்துக்குவன். உப்பு போட்டமா இல்லியான்னு கண்ணம்மாவ மூணு தரம் கேப்பன். இனிமே நம்ம எதையும் தொட்டா வௌங்காதுன்னு முடிவு பண்ணிட்டன்." சொல்லச் சொல்ல அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அதைத் துடைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

திரௌபதி குனிந்து அவர் காலைத் தொடப் போனாள். அவர் பதறி எழுந்து தடுத்தார்.

"என்னத் திட்டுங்கண்ணே. எனக்காகப் பொய்ச் சத்தியம் வேற செஞ்சீங்களாமே."

"பின்ன? எட்டு வருஷமா எனக்குத் தண்ணி தூக்குன பொண்ணு. ஒன் பேர எடுத்து அந்தாளு முன்னாடி வைக்கச் சொல்றியா? கொளஞ்சியப்பருக்குத் தெரியும், அவரு கோச்சிக்க மாட்டாரு."

பிறகு, அவள் கொஞ்சமும் எதிர்பார்க்காத காரியத்தைச் செய்தார். நேராக நின்று, அவளைப் பார்த்து, இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. நானும் இப்படியே போயி சேந்திருப்பன். வந்து சொன்ன பாரு, ரொம்ப நன்றிம்மா. பாப்பா, ஒனக்கும்தான்."

திட்டு வாங்க வந்தவளுக்கு அந்தக் கும்பிடு தாங்கவில்லை. அவர் கைகளைப் பிடித்துப் பிரித்துவிட்டாள். வேலையைத் திருப்பி வாங்கித்தர வந்ததாகத்தான் அவள் நினைத்திருந்தாள். அவருக்குப் போயிருந்தது வேலை மட்டுமில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது. சோப்பைச் சீவிக்கொண்டு வீட்டை நாறடிக்கிறாளே என்று மகளை எத்தனை தரம் வைதிருப்பாள். அந்தச் சோப்புக்கும், அந்த மகளுக்கும், வீட்டுப் பொருளில்தான் செய்ய வேண்டும் என்று சொன்ன முகம் தெரியாத டீச்சருக்கும் மனசுக்குள் நன்றி சொன்னாள்.

"கெளம்புங்கண்ணே. மூணு மணி பஸ்ஸ புடிச்சிடலாம்."

"இரும்மா," என்றார் கொளஞ்சிநாதன். ஓட்டல்காரரைத் திரும்பிப் பார்த்தார். "மாவு எங்கங்க இருக்குது?"

ஓட்டல்காரர் சமையல்கட்டைக் காட்டினார். கொளஞ்சிநாதன் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினார். அண்டாவில் அரைத்து வைத்திருந்த மாவில் உப்பைப் போட்டு, கையை விட்டு, அடியிலிருந்து மேலாக நிதானமாகக் கரைத்தார். கொஞ்சம் தண்ணீர் விடச் சொன்னார், போதும் என்றார். விரலைத் தூக்கி மாவு வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மூணு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று திரௌபதி மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு காத்திருந்தாள்.